மூன்று விரல் தண்ணீர்

கப்பல்கள் நிற்கும் டாக்கில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதை இப்போது ஓர் இயந்திரமே எழுதுகிறதாம். உருளையில் காகிதத்தைச் சுற்றிவிட்டால் பேனா முள் தானாக ஏறி இறங்கிக் கோடு போடுமாம். நான் இன்னும் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாலிகஞ்சில் ஒரு கல்யாணப் பந்தியில், என் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் ராகவன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னான்.

"அதுக்கு முன்னாடி எப்படி மாமா பாத்தேள்? கண்ணாலேயா?"

"கண்ணாலேதான்."

"தப்பு வராதோ?"

"வரும்" என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. தப்பு வந்தது உண்மை. ஆனால் கண்ணால் வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது நான்கு நாளாக மனத்தை அரிக்கிறது. நம் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி காரியதரிசி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எட்டுப் பக்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டில் அடக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் கல்கத்தாவுக்கு வந்தபோது தலைநகரம் டில்லிக்குப் போயிருக்கவில்லை. அலிப்பூரில் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த சித்தப்பாவின் சிபாரிசில் வேலை கிடைத்தது. நகல் எழுதும் பிரிவில் இரண்டு வருஷம், தபால் பதிவில் ஏழு மாதம். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் டாக் மாஸ்டர் ஆபீஸில் பெர்த் குமாஸ்தாவாகப் போட்டார்கள். வேலை நிரந்தரம் ஆகவில்லை. காளிகாட்டில் ஒன்றரை அறைக் குடித்தனம். அங்கிருந்து பாலத்தைத் தாண்டி அலிப்பூர் வழியாக ஆபீஸுக்கு நடை: ஐயாயிரத்து நானூறு காலடி. மழைக்காலத்தில் சேற்றைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் இன்னும் முந்நூறு.

பெர்த் என்றால் கப்பல் கட்டி நிற்கும் இடம். எந்தக் கப்பல் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எது முன்னால் வர வேண்டும், எது யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை டாக் மாஸ்டர் தீர்மானிப்பார். அதற்கு வேண்டிய எண்களை எடுத்துக் கொடுப்பது குமாஸ்தாவின் வேலை. ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய கறுப்புப் பலகை. அதில் டாக்கின் படம் வெள்ளை வர்ணத்தில் வரைந்திருக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தகரத் துண்டு, கப்பலின் நீளத்துக்கு ஏற்ற அளவில் வெட்டியது. நிலக்கரிக்குக் கறுப்பு, சணலுக்கு மஞ்சள், உப்புக்கு வெள்ளை. காலை ஏழரை மணிக்கு டாக் மாஸ்டர் காப்டன் மெல்ரோஸ் பலகையின் முன்னால் வந்து நிற்பார். எப்போதும் மூன்றே கேள்விகள். "நீளம்? அமிழ்வு? எப்போது போகும்?" அமிழ்வு என்று நான் எழுதுவது, கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதை. மூன்றுக்கும் பதில் கேட்ட பிறகு ஒரு தகரத்தை எடுத்து ஆணியில் மாட்டுவார். மாட்டிய தகரத்தை மறுபடி எடுத்து நான் பார்த்தது அபூர்வம்.

அவர் உயரமான மனிதர். வாயில் சுருட்டு இருக்கும். பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் தணிந்த குரலில் பேசுவார். ஆகையால் அவர் கோபமாக இருக்கும்போது அருகில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும். அது பெரிய அவஸ்தை.

நான் சேர்ந்த ஆறாவது வாரம் ஒரு பாய்மரக் கப்பல் உப்போடு வந்தது. பதிவுப் புத்தகத்தில் இருந்த நீளத்தைப் பார்த்து, இரண்டு நீராவிக் கப்பல்களுக்கு நடுவே பதினெட்டு அடி மிச்சம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். பாய்மரக் கப்பலின் முகப்பிலிருந்து முன்னால் நீண்டிருக்கும் மரத்தைப் பதிவு நீளத்தில் சேர்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. கட்டி முடித்தபோது அந்த மரம் முன்னால் நின்ற கப்பலின் பின்தட்டுக்கு மேலே போய் நின்றது. மத்தியானத்துக்குள் அந்தக் கப்பலின் மாலுமிகள் அதில் துணி உலர்த்திவிட்டார்கள்.

காப்டன் என்னைக் கூப்பிட்டு மிகத் தணிந்த குரலில், "ஐயர், போய் எத்தனை சட்டை தொங்குகிறது என்று எண்ணிக்கொண்டு வா" என்றார்.

போய் எண்ணினேன். "ஏழு சட்டை, ஸார். இரண்டு கால்சட்டை."

"நல்லது. இனிமேல் புத்தகத்தை மட்டும் எண்ணாதே."

அதை நான் அளவுக்கு மீறி மனத்தில் வாங்கிக்கொண்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அதன்பின் எழுத்தில் இருக்கும் எந்த எண்ணையும் நான் நம்பவில்லை. கிடங்கின் தூண்களை எண்ணினேன். கயிறு கட்டும் இரும்பு முளைகளுக்கு நடுவே காலால் அளந்தேன். கடைசியில் தண்ணீருக்கு வந்து சேர்ந்தேன்.

ஆற்றுத் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும். டாக்கின் உள்ளே தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே லாக் என்று ஒரு நீண்ட கல் தொட்டி. அதன் இரு முனையிலும் கதவு. ஆற்றுப் பக்கத்துக் கதவின் அடியில், தண்ணீருக்குள், கல்லால் ஆன வாசற்படி உண்டு. கப்பல் அந்தப் படியைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். படிக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைக் காட்டக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். கப்பலின் அமிழ்வுக்கு மேல் குறைந்தது ஆறு அங்குலம் தண்ணீர் மிச்சம் இருந்தால்தான் விடலாம். அது அச்சிட்ட விதி.

சுவரில் இருந்த எண்ணைப் படித்துச் சொல்பவர் ஃபஜர் அலி. லாக்கில் வேலை செய்த கலாசிகளுக்கெல்லாம் தலைவர். எல்லோரும் சாரங்கு என்று கூப்பிடுவார்கள். நவகாளிப் பக்கத்துக்காரர். தாடி பாதி நரைத்திருந்தது. இருபத்து மூன்று வருஷமாக அதே கல்லில் குந்தி உட்கார்ந்து, வலது கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எண்ணைப் படித்து உரக்கக் கூவுவார். எண்பது அடி தள்ளி நிற்கும் காப்டன் அந்த எண்ணை ஒரு தடவை திருப்பிச் சொல்வார். பிறகு தலையைத் தூக்கி வானத்தை ஒரு நொடி பார்ப்பார். அப்புறம்தான் "போகட்டும்" அல்லது "நிற்கட்டும்." பக்கத்தில் நின்று நான் எழுதிக்கொள்வேன்.

வானத்தில் என்ன பார்க்கிறார் என்று எனக்கு வெகுநாள் யோசனை. நானும் பார்த்தேன். பருந்துகள் இருந்தன.

மழைக்காலம் முடிந்து வேலை கொஞ்சம் ஓய்ந்தபோது, இரண்டு வருஷத்துப் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு கப்பலும் போகும்போது படிக்கு மேல் எத்தனை அங்குலம் மிச்சம் இருந்தது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லி அல்ல. ஐந்து கப்பல்கள் விதியை மீறிப் போயிருந்தன. ஐந்துக்கும் ஆறு அங்குலம் இல்லை. மூன்றே அங்குலம்தான். இவ்வளவு நிதானமான மனிதர் எப்படி இப்படிச் செய்தார்? அந்த ஐந்தும் எப்படித் தட்டாமல் போயின?

அளந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். லாக்கின் மேல் கல்லிலிருந்து வாசற்படி வரைக்கும் எத்தனை அடி என்பது கட்டட வரைபடத்தில் இருந்தது. மேல் கல்லிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று அளந்து அதில் கழித்தால் ஆழம் வந்துவிடும். வீட்டில் கயிறு எடுத்து முடிச்சுப் போட்டேன். என் மனைவி விசாலம் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

"கயித்தை எதுக்கு மூணு நாளாத் தண்ணியிலே ஊறப் போட்டிருக்கேள்?"

"நனைஞ்சா சுருங்கும். சுருங்கின அப்புறம் முடிச்சுப் போட்டாத்தான் அளவு சரியா இருக்கும்."

"கப்பலைக் கட்டறதுக்குக் கயிறு டாக்கிலே தரமாட்டாளா?"

"இது கப்பலைக் கட்ட இல்லே. தண்ணியை அளக்க."

"தண்ணியை அளக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாளா?"

"இல்லே."

"சரி. வாளியையாவது எனக்குக் குடுங்கோ."

பதினாறு நாள் அளந்தேன். சாரங்கு கூவிய எண் ஒரு நாள்கூடச் சரியாக இல்லை. எப்போதும் இரண்டரையிலிருந்து மூன்று அங்குலம் குறைவு. ஆற்றில் இருபத்தாறு அடி மூன்று அங்குலம் நின்றால் இருபத்தாறு அடி என்று கூவினார். அந்த ஐந்து கப்பல்கள் தட்டாமல் போனதன் காரணம் தெரிந்துவிட்டது. உண்மையில் அவற்றுக்கு ஆறு அங்குலமே இருந்திருக்கிறது. எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

மறுநாள் வெற்றிலைக் கடையில் சாரங்கைப் பிடித்தேன். நாங்கள் பேசியது பாதி வங்காளி, பாதி ஹிந்துஸ்தானி. தமிழில் எழுதுகிறேன்.

"சாரங்கு, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏன் பாபு? அந்தக் கரையில போற பொண்ணு மூக்குல வளையம் எந்தப் பக்கம்னு சொல்லட்டுமா?"

"அப்ப ஏன் மூணு அங்குலம் குறைச்சுச் சொல்றீங்க?"

அவர் மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மதராஸி பாபு கயிறு விட்டுப் பார்த்தது இதுக்குத்தானா? மீன் பிடிக்கிறேன்னு பசங்க சிரிச்சாங்க." பிறகு மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். "என் உஸ்தாத் சொல்லிக் குடுத்தது. அலை மேல ஒரு தடவை, கீழ ஒரு தடவை வரும். கீழ வர்றதைப் பாரு. அதுலயும் மூணு விரல் விட்டுட்டுச் சொல்லு. கப்பல் தட்டவே தட்டாது."

"இனிமே சரியாச் சொல்லுங்க. காப்டன் சாகிப் உங்க எண்ணை நம்பித்தானே விடறார்? சரியான எண் வேண்டாமா அவருக்கு?"

"காப்டன் சாகிப் சொன்னாரா?"

இங்கே நான் ஒரு பதில் சொன்னேன். "ஆபீஸ்ல சரியான எண்தான் வேணும்" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. ஆபீஸ் சொல்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

காப்டனிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். வேலை நிரந்தரமாகாத குமாஸ்தா, இத்தனை வருஷமாக உங்களுக்குத் தப்பான எண் வந்துகொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதம் சரியான எண்களைச் சேர்த்து, அழகாகக் கட்டம் போட்டு, மேஜைமேல் கொண்டுபோய் வைக்கலாம் என்று இருந்தேன். கட்டம்கூடப் போட்டுவிட்டேன்.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. அந்த நாட்களில் வந்து போனவை சிறிய கப்பல்கள். தண்ணீர் தாராளமாக மிச்சம் இருந்தது. பதினோராவது நாள் 'ஆர்ட்லின்' என்ற கப்பல் நிலக்கரியோடு வெளியே போக வேண்டும். பின்பக்க அமிழ்வு இருபத்தைந்து அடி ஒன்பது அங்குலம். விதிப்படி, படிக்கு மேல் இருபத்தாறு அடி மூன்று அங்குலம் வேண்டும். பகல் பதினொன்றரை மணிக்கு ஏற்றம் உச்சிக்கு வந்தபோது இருபத்தாறு ஏழு. போதுமானது. ஆனால் முன்னால் போன கப்பலின் கயிறு முளையில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க இருபத்திரண்டு நிமிஷம். ஆர்ட்லின் கதவை நெருங்கியபோது ஆறு இறங்க ஆரம்பித்துவிட்டது.

"இருபத்தாறு, மூணு!" என்று கூவினார் சாரங்கு.

"இருபத்தாறு மூன்று" என்றார் காப்டன். வானத்தைப் பார்த்தார். "போகட்டும்."

கப்பலின் முன்பாதி வெளியே போயிற்று.

"இருபத்தாறு, ரெண்டு!"

விதிப்படி இப்போது நிறுத்த வேண்டும். நான் பென்ஸிலைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "போகட்டும்."

"ஸார்" என்றேன்.

"நடுவில் பேசாதே."

"இருபத்தாறு, ஒண்ணு!" "போகட்டும்." "வெறும் இருபத்தாறு!" "போகட்டும்."

கப்பலின் பின்பக்கம் வாசற்படிக்கு நேராக வந்தது. கப்பலைத் தள்ளும் சக்கரம் சுழலும்போது பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் இன்னும் கீழே அழுந்தும். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டுக்கல்லில் கல் அகப்பட்டது போல ஒரு நறநறப்பு. காலுக்கடியில் இருந்த கல் லேசாக அதிர்ந்தது. கப்பல் நின்றுவிட்டது.

அதன் பொருள் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் தண்ணீர் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்குகிறது. கப்பல் பாதி உள்ளே, பாதி வெளியே. இன்னும் அரை மணி போனால் முழுப் பாரமும் அந்தப் படிமேல் உட்கார்ந்து முதுகு முறியும். கதவை மூட முடியாது. உள்ளே இருக்கும் பதினான்கு கப்பல்களும் அடைபட்டுப் போகும்.

காப்டன் ஓடவில்லை. ஒலிக்குழாயை வாயருகே வைத்து, எனக்கே சரியாகக் கேட்காத அளவு தணிந்த குரலில் மூன்று உத்தரவு கொடுத்தார். எந்திரத்தை நிறுத்து. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவனும் முகப்புக்கு ஓடட்டும். உள்கதவின் மதகுகளை எல்லாம் திற.

சமையல்காரன் உட்பட அத்தனை பேரும் முகப்புக்கு ஓடினார்கள். அறுபத்தொன்று எண்ணினேன், அதற்குமேல் ஒருவரை ஒருவர் மறைத்துவிட்டார்கள். டாக்குக்குள் தண்ணீர் ஆற்றைவிட உயரமாக நின்றது. மதகுகள் திறந்ததும் அது லாக்குக்குள் நுரைத்துக்கொண்டு பாய்ந்து கப்பலின் பின்பக்கத்தை முட்டியது. வெளியே இழுவைக் கப்பல் கயிறு தெறிக்கும்படி இழுத்தது. பதினோரு நிமிஷம். பிறகு மறுபடி அந்த நறநறப்பு. ஆர்ட்லின் வழுக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டது. பின்பக்கத்தில் ஒரு தகடு கிழிந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது.

காப்டன் நேரே சுவரிடம் போய், முழங்காலில் மண்டியிட்டு, தாமே எண்ணைப் படித்தார். வெகுநேரம் படித்தார். எழுந்து சாரங்கைப் பார்த்தார்.

"சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்" என்றார். அதைவிட மோசமான செய்தி இல்லாதது போல இருந்தது அவர் குரல். "எப்போதிலிருந்து நீ சரியாகச் சொல்கிறாய்?"

"பத்து நாளா, சாகிப்."

"யார் சொன்னது?"

சாரங்கு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார். நான் நான்கு அடி தூரத்தில் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த வானம் விளங்கியது. சாரங்கு மூன்று விரல் குறைத்துச் சொல்கிறார் என்பது காப்டனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் குறைக்க, அவர் கூட்ட, காப்டன் அங்கே இருந்த பதினோரு வருஷமும் கப்பல்கள் தட்டாமல் போயின. நடுவில் கயிற்றோடு நான் போனேன்.

அன்றைக்கே சாரங்கை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சாரங்குக்குப் பார்வை போய்விட்டது, தப்பாகக் கூவினான் என்று கப்பல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வெற்றிலைக் கடையில் ஒருவன் அவர் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, "சாச்சா, இது எத்தனை?" என்று கேட்டானாம். அவர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் குடியிருந்த இடத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"நான் போய்ச் சொல்லிடறேன், சாரங்கு."

"என்னத்தைச் சொல்லுவே? உன் வீட்டுல பிள்ளை வரப்போகுது. உன் வேலை இன்னும் கச்சா வேலை. சும்மா கிட."

"உங்களை நீக்கிடுவாங்களே."

"நீக்கட்டும். ஊருக்குப் போறேன்." ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். "கண்ணு போச்சுங்கிறாங்க பாரு, அதுதான் தாங்கல."

வீட்டில் வந்து விசாலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மூணு அங்குலம்னா எவ்வளவு?" என்றாள். விரலால் காட்டினேன். "இவ்வளவுதானா? இதுக்கா ஒரு மனுஷன் இருபத்து மூணு வருஷத்தை விட்டுட்டுப் போகணும்?" பிறகு, "விசாரணையிலே உங்களைக் கேப்பாளா?" என்றாள்.

"கேக்க மாட்டா. நான் மத்தவா பேசறதை எழுதிக்கற குமாஸ்தா."

"எழுதிண்டு வரப்போறேளா?"

பேனா முள்ளைத் துடைத்து வைத்தேன்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். காப்டன் ஓரத்து நாற்காலியில். நான் மூலையில் காகிதக் கட்டோடு. முன்னறிவிப்பு இல்லாமல் வழக்கத்தை மாற்றினான் என்பதுதான் சாரங்கின்மேல் குற்றம். சரியான எண்ணைச் சொன்னதற்காக ஒரு மனிதன் குற்றவாளியாக நின்றான்.

"வழக்கத்தை மாற்றும்படி உன்னிடம் யாராவது சொன்னார்களா?" என்று தலைவர் கேட்டார்.

"யாரும் சொல்லல, சாகிப். என் புத்திதான்."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். எழுத வேண்டிய சொற்கள் ஐந்து. நான் இரண்டு எழுதினேன். பேனா அதற்குமேல் போகவில்லை.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார் தலைவர்.

"இந்தப் பதில் சரி இல்லை, ஸார்" என்று எழுந்தேன். "அவரிடம் சொன்னது நான்."

"சும்மா உட்காரு பாபு" என்று சாரங்கு முணுமுணுத்தார். நான் உட்காரவில்லை. கயிறு, முடிச்சு, பதினாறு நாள் அளவு, ஐந்து கப்பல்கள் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். அதைக் கொடுத்தால் ஐந்து கப்பல்கள் வழியாகக் காப்டனும் மாட்டுவார் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது.

காப்டன் மெல்ரோஸ் அந்தக் காகிதத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். "கயிற்றை ஊறவைத்தாயா?" என்றார் என்னிடம்.

"மூன்று நாள், ஸார்."

தலையை ஆட்டிவிட்டு மூவர் பக்கம் திரும்பினார். "அளவு சரி. அன்றைக்குச் சாரங்கு சொன்ன எண்ணும் சரி. சுவரில் இருப்பதைச் சரியாகப் படித்ததற்காக ஒருவனை நீக்க முடியாது. நான் சேர்த்துக்கொண்ட மூன்று அங்குலம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது என் தலைக்குள் இருந்தது. இவர்கள் அதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?"

சாரங்கை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். என் வேலை நிரந்தரமாவதை இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். காப்டனை ஆற்றின் கீழ்ப்பக்கம், மிதவைகளைப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அது பெரிய இறக்கம். மேஜையைக் காலி செய்த அன்று என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐந்து கப்பல்கள் மூன்று அங்குலத்தில் போனதாகக் கண்டுபிடித்தாய். இரண்டு அங்குலத்தில் ஒன்றுகூட ஏன் போகவில்லை என்று யோசித்தாயா?"

"இல்லை, ஸார்."

"நானும் எண்ணத் தெரிந்தவன்தான், ஐயர்" என்றார். அவரை அதன்பின் நான் பார்க்கவில்லை. மூன்றோடு மூன்று சேர்ந்தால் விதிப்படி ஆறு; இரண்டோடு சேர்ந்தால் ஐந்துதான். இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

புதிய உத்தரவு வந்தது. சாரங்கு சரியான எண்ணைக் கூவ வேண்டும். அதே நேரத்தில் குமாஸ்தா எஃகு நாடாவால் அளக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். சாரங்கு திரும்பி வந்த நாள் முதல் ஏற்றத்துக்கு, வேலை இல்லாத கலாசிகள்கூட லாக்கின் ஓரத்தில் வந்து நின்றார்கள். வெற்றிலைக் கடைக்காரனும் வந்திருந்தான். கிழவனுக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க வந்த கூட்டம். புதிய டாக் மாஸ்டர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் நாடாவைத் தொங்கவிட்டேன்.

"நீ முதல்ல சொல்லு பாபு" என்றார் சாரங்கு.

"நீங்க சொல்லுங்க. அதுதான் உத்தரவு."

"நான் சொன்னா நீ தப்புங்கிறே. அதான் நீயே சொல்லுன்னேன்."

"சாரங்கு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கத்தானே வந்திருக்காங்க."

"யாராவது ஒருவர் சொல்லித் தொலையுங்கள்!" என்று புதிய டாக் மாஸ்டர் கத்தினார். அவர் கத்தும் ரகம்.

சாரங்கு குந்தி உட்கார்ந்தார். கையால் வெயிலை மறைத்தார். அலை மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. அவர் அவசரப்படவில்லை. நான் நாடாவில் என் எண்ணைப் பார்த்துக் கழித்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"இருபத்துநாலு, எட்டே கால்!" என்று அந்தக் கரைக்குக் கேட்கும்படி கூவினார்.

அந்த ஆற்றில் அதுவரை யாரும் கால் அங்குலம் கூவியதில்லை. கலாசிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என் எண்ணை இன்னொரு தடவை கழித்துப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் இரண்டு கட்டத்திலும் அதே எண்ணை எழுதினேன்.

புதிய டாக் மாஸ்டர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது என்ன, கால்?"

"தண்ணீர் அவ்வளவு இருக்கிறது, ஸார்" என்றேன்.